டிஎன்ஏ-வை அடையாளம் காட்டிய டாக்டர்: மண்ணில் மருந்து தேடிய ஆஸ்வால்ட் ஏவரியின் கதை

டிஎன்ஏ என்றதும் முறுக்கிவிட்ட ஏணி போன்ற அந்தப் படம் ஞாபகத்துக்கு வரும். கூடவே ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்ற இரண்டு பெயர்களும் வரும். பள்ளியில் படித்ததுதான். ஆனால் 1953-ல் அவர்கள் சொன்னது, டிஎன்ஏ எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான். பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்குப் போகும் தகவல் டிஎன்ஏ-வில்தான் இருக்குன்னு அதுக்கு முன்னாடியே யாரோ காட்டியிருக்கணும் இல்லையா? இல்லையென்றால் அதன் வடிவத்தை ஏன் அவ்வளவு அவசரமாகத் தேடப்போகிறார்கள்?

அதைக் காட்டியவர் நியூயார்க்கில் இருந்த ஒரு டாக்டர். 1944-ல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 66. அவர் மரபியல் படித்தவர் இல்லை. நிமோனியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர். அந்தத் தேடலில் அவர் கைக்கு வந்த கருவிகளில் ஒன்று, சதுப்பு மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் என்சைம். தமிழில் நொதி என்போம். மருந்தாக அது தோற்றுப்போனது. ஆனால் 20-ம் நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது.

அந்த டாக்டரின் பெயர் ஆஸ்வால்ட் ஏவரி.

போதகர் வீட்டுப் பிள்ளை

ஏவரி 1877 அக்டோபர் 21-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தார். அப்பா, இங்கிலாந்தில் இருந்து வந்த பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1887-ல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவின் தேவாலயம் இருந்தது, மாலுமிகளும் புதிதாகக் குடியேறியவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதியில். அங்கே சிறுவன் ஏவரி கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிக்கக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் படிக்கட்டில் நின்று அதை வாசித்து, தெருவில் போகிறவர்களை உள்ளே வரவழைப்பது அவன் வேலை.

1892-ல் அண்ணன் எர்னெஸ்ட் காசநோயில் இறந்தார். அதே ஆண்டில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஏவரிக்கு அப்போது 14, 15 வயது.

கோல்கேட் பல்கலைக்கழகத்தில் 1900-ல் பட்டம் வாங்கியபோதும் அவர் அறிவியல் மாணவர் இல்லை. இலக்கியமும் பேச்சுக்கலையும்தான் அவருக்குப் பிடித்தவை. அதன் பிறகே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1904-ல் டாக்டர் ஆனார்.

கொஞ்ச காலம் பிராக்டீஸ் செய்தார். நுரையீரல் நோயாளிகள் வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறுதல் சொல்லலாம், இருமலைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். அது அவருக்கு ஒத்துவரவில்லை. 1907-ல் புரூக்ளினில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1913-ல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த 35 ஆண்டுகள் அதுதான் அவர் உலகம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடன் வேலை செய்த அல்ஃபோன்ஸ் டோஷே என்ற டாக்டருடன் ஒரே வீட்டில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். ஒல்லியான, குள்ளமான மனிதர். மெதுவாகப் பேசுவார். இளம் ஆய்வாளர்கள் அவரை ‘ஃபெஸ்’ என்று கூப்பிடுவார்கள். புரொஃபெசர் என்பதன் செல்லச் சுருக்கம் அது.

சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி

ஆன்டிபயாடிக் வராத காலத்தில் நிமோனியா எவ்வளவு பயங்கரம் என்பதை இன்று கற்பனை செய்வதே கஷ்டம். நல்ல திடகாத்திரமான ஆள் திங்கட்கிழமை காய்ச்சலில் படுத்தால், அடுத்த திங்கட்கிழமை இருப்பாரா என்று சொல்ல முடியாது. 1918-ல் இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோய் உலகைச் சுற்றிவந்தபோது, பலரைக் கடைசியில் கொன்றது அதைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான். அந்தப் போர்க்காலத்தில் ஏவரி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். குடியுரிமை இல்லாததால் முதலில் சாதாரணச் சிப்பாயாகத்தான் சேர முடிந்தது. குடியுரிமை வந்த பிறகு கேப்டன் ஆனார். நிமோனியாவைக் கையாள்வது எப்படி என்று ராணுவ டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தார்.

இந்த நோயின் முக்கியக் காரணி நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதில் பல வகைகள் உண்டு. அந்தக் காலத்தில் அவற்றை 1, 2, 3 என்று எண் போட்டு அழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தந்திரம் இருந்தது. உடம்பைச் சுற்றி ஒரு வழவழப்பான உறை. நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கப் பார்க்கும்போது, இந்த உறை வழுக்கிவிட்டுவிடும். உறை இல்லாத கிருமி லேசில் மாட்டிக்கொள்ளும், நோயும் வராது.

1917-ல் டோஷேவும் ஏவரியும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும் இந்த உறைப் பொருள் கரைந்து வருகிறது. அது எந்த வகைக் கிருமி என்பதைக்கூட அதை வைத்தே சொல்லிவிடலாம். சரி, அந்தப் பொருள் எதனால் ஆனது? அன்று எல்லோரும் சொல்லியிருக்கக்கூடிய பதில், புரதம். ஏன்னா நம் உடம்பின் எதிர்ப்பாற்றல் ஒன்றை இன்னதுன்னு அடையாளம் காணணும்னா அது புரதமாத்தான் இருக்கணும் என்பது அப்போதைய நம்பிக்கை. வேதியியலாளர் மைக்கேல் ஹைடல்பெர்கருடன் சேர்ந்து ஏவரி 1923-ல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கைக்கு நேர் எதிர். உறை என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. வேதியியல் மொழியில் பாலிசாக்கரைடு. ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் ஒவ்வொரு விதமான சங்கிலி.

எல்லோரும் புரதம் என்று நினைத்த இடத்தில் வேறொன்று இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு கழித்து இதே கதை இன்னொரு முறை நடக்கப்போகிறது.

சாப்பாட்டு மேஜையில் கிடைத்த யோசனை

குதிரைக்குக் கிருமியை ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்து எடுக்கும் சீரம்தான் அப்போதைய சிகிச்சை. அது 1-ம் வகை நிமோனியாவுக்கு ஓரளவு கேட்டது. 3-ம் வகைக்குப் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றிலும் தடிமனான உறை அதற்குத்தான். அந்தச் சட்டையைக் கழற்ற ஏதாவது வழி உண்டா என்று ஏவரி தேடிக்கொண்டிருந்தார். உடம்பில் உள்ள ஜீரண என்சைம்களால் அந்தச் சர்க்கரையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

1927-ல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ரெனே டுபோஸ் என்ற பிரெஞ்சு இளைஞரைச் சந்தித்தார். டுபோஸ் அப்போதுதான் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸில் மண் நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் முடித்திருந்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன், பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்காக நோபல் வாங்கியவர். உதிர்ந்த இலையையும் வைக்கோலையும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் எப்படி மக்கவைக்கின்றன என்பதுதான் டுபோஸின் ஆராய்ச்சி.

ஏவரி தன் பிரச்சினையைச் சொன்னார். டுபோஸின் பதில் ரொம்ப எளிமையானது. இந்தச் சர்க்கரை இயற்கையில் காலம் காலமாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதைத் தின்ன யாரும் இல்லையென்றால் இந்நேரம் பூமி முழுக்க அது குவிந்து கிடக்க வேண்டும். அப்படிக் குவியவில்லை. அப்போ, எங்கேயோ மண்ணில் ஒரு பாக்டீரியா அதைத் தின்றுகொண்டிருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

வேறு யாராவதாக இருந்தால், சின்னப் பையன் ஏதோ உளறுகிறான் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஏவரி அவரைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொண்டார்.

தேடிய விதமும் சுவாரஸ்யமானது. பல இடங்களில் இருந்து மண்ணைக் கொண்டுவந்தார்கள். அதில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு 3-ம் வகைக் கிருமியின் உறைச் சர்க்கரையை மட்டுமே சாப்பாடாகக் கொடுத்தார்கள். வேறு எதுவும் கிடையாது. அதைத் தின்னத் தெரிந்தது பிழைக்கும், தெரியாதது பட்டினியில் சாகும். கடைசியில் நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி விளையும் ஒரு சதுப்பு நிலத்து மண்ணில் இருந்து ஒரு பாக்டீரியா பிழைத்து வந்தது. அதன் என்சைம் 3-ம் வகை உறையைத் துண்டு துண்டாக வெட்டியது. 1, 2 வகைகளின் உறையைத் தொடக்கூட இல்லை.

1930-ல் ஏவரியும் டுபோஸும் இதை வெளியிட்டார்கள். கொடிய 3-ம் வகைக் கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, கூடவே இந்த என்சைமையும் கொடுத்தால் எலிகள் பிழைத்தன. சட்டை கழன்ற கிருமிகளை வெள்ளை அணுக்கள் விழுங்கிவிட்டன. பிறகு குரங்குகளிலும் சோதித்துப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்த மண் பாக்டீரியா இந்த என்சைமை எப்போதும் தயாரிப்பதில்லை. உறைச் சர்க்கரை கண்ணில் பட்டால்தான் தயாரிக்கும். வேறு நல்ல சாப்பாடு கிடைத்தால் அந்த வேலையையே நிறுத்திவிடும். ஒரு மண் கிருமிக்கு எப்போது எந்த என்சைம் வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? மரபணுக்களை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சுகள் உண்டு என்று ஜேக்கப், மோனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1961-ல் விளக்கியபோதுதான் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்தது. அவர்கள் சோதித்தது குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை.

மண் என்சைம் மனிதர்களுக்குப் போகவேயில்லை. 1930-களின் நடுவில் சல்ஃபா மாத்திரைகள் வந்துவிட்டன. எல்லா வகை நிமோனியாவுக்கும் ஒரே மாத்திரை இருக்கும்போது, ஒரே ஒரு வகைக்கு மட்டும் வேலை செய்யும் என்சைம் யாருக்கு வேண்டும்? மருந்தாக அதன் கதை அங்கே முடிந்தது.

செத்த கிருமி செய்த வேலை

இதற்கிடையே லண்டனில் இருந்து ஒரு புதிர் வந்திருந்தது. 1928-ல் பிரெட் கிரிஃபித் என்ற அரசு டாக்டர் ஒரு சோதனையை வெளியிட்டார். உறை இல்லாத, நோய் தராத நியூமோகாக்கஸை உயிரோடு எடுத்துக்கொண்டார். அது 2-ம் வகையில் இருந்து வந்தது. உறை உள்ள 3-ம் வகைக் கிருமியைச் சூடாக்கிக் கொன்றார். இரண்டையும் சேர்த்து எலிக்குச் செலுத்தினார். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டுமே எலியைக் கொல்லாது. சேர்த்துக் கொடுத்தால் எலி செத்தது. அதன் ரத்தத்தில் உயிருள்ள 3-ம் வகைக் கிருமிகள், புத்தம் புது உறையோடு!

செத்த கிருமி எழுந்து வரவில்லை. செத்ததில் இருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குள் போய், உறை தயாரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட அந்த உறையோடுதான் பிறந்தன.

ஏவரி இதை முதலில் நம்பவில்லை. கிருமி வகைகள் மாறவே மாறாது என்பதன் மேல்தான் அவருடைய மொத்த வேலையும் நின்றது. ஆனால் அவர் குழுவிலேயே இருந்த மார்ட்டின் டாசன் அதைச் செய்து பார்த்தார். நடந்தது. 1931-ல் எலியே இல்லாமல் சோதனைக் குழாயில் நடந்தது. அடுத்து ஜேம்ஸ் அலோவே கிருமிகளை உடைத்து, வடிகட்டி, வெறும் சாற்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் நடந்தது. அந்தச் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றினால் கொழகொழவென்று ஏதோ ஒன்று திரண்டு வந்தது.

அந்த ஏதோ ஒன்று என்ன? 1930-களின் பாதியில் ஏவரியின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியாகச் சுருங்கியது.

75 லிட்டரில் சில மில்லிகிராம்

அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த காலம் அது. தைராய்டு நோயால் இளைத்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1934-ல் வந்து சேர்ந்த காலின் மெக்லியாட் வேலையைத் தொடங்கினார். நடுவில் சில ஆண்டுகள் அது தேங்கியது. ஒரு நாள் வரும் முடிவு அடுத்த நாள் வராது. சாற்றில் இருந்த வேறு என்சைம்கள் அந்தப் பொருளையே அழித்துக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் புரிந்தது. 1940-ல் மறுபடி மும்முரமாக இறங்கினார்கள். 1941-ல் மெக்லியாட் வேறு வேலைக்குப் போக, மெக்லின் மெக்கார்ட்டி வந்தார்.

ஒவ்வொரு முறையும் 50 முதல் 75 லிட்டர் வரை கிருமி வளர்த்தார்கள். எல்லாம் உயிருள்ள 3-ம் வகை. அதைச் சுழலும் இயந்திரத்தில் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். இயந்திரத்தில் இருந்து கிருமிகள் காற்றில் பரவும் ஆபத்து இருந்ததால் அதைக் காற்றுப் புகாத கூட்டுக்குள் அடைத்து ஓட்டினார்கள். பிறகு 65 டிகிரியில் சூடாக்கிக் கொல்வது, கழுவுவது, உடைப்பது, குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிப் புரதத்தை நீக்குவது.

இப்போது ஒரு சிக்கல். சாறு முழுக்க உறைச் சர்க்கரை. சர்க்கரைதான் இந்த வேலையைச் செய்கிறது என்று யாராவது சொன்னால்? உறையின் சர்க்கரை போய் இன்னொரு கிருமிக்கு உறை செய்யக் கற்றுக்கொடுத்தது என்பது அன்று கேட்பதற்கு நியாயமாகவே இருந்திருக்கும். அந்தச் சர்க்கரையை மட்டும் வெட்டி எறிய வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது.

அதைச் செய்யக்கூடிய பொருள் அதே ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. கிரான்பெர்ரி சதுப்பு மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் என்சைம்! மருந்தாகப் பயன்படாமல் ஒதுங்கியிருந்த அதைச் சாற்றில் சேர்த்தார்கள். சர்க்கரை துண்டு துண்டாகிப் போனது. உருமாற்றும் சக்தி அப்படியே இருந்தது.

மிச்சத்தில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், வெள்ளை இழைகள் தோன்றி, கலக்கும் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தன. 75 லிட்டர் கிருமியில் இருந்து கடைசியில் கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பின் அளவுகூடத் தேறாது.

என்சைம்களே சாட்சி

அந்த இழை என்ன என்பதற்கு ஏவரி பல பக்கத்தில் இருந்து ஆதாரம் தேடினார். அதில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் டிஎன்ஏ-வுக்கு உரியதோடு ஒத்துப்போனது. புரதத்துக்கான வேதிச் சோதனைகள் எதிர்மறையாக வந்தன. ஆனால் எல்லாவற்றையும்விடச் சாதாரண வாசகருக்கும் சட்டென்று புரிவது என்சைம் சோதனைதான்.

என்சைம்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டுமே வெட்டும். அதனால் எதை வெட்டினால் வேலை நிற்கிறது என்று பார்த்தாலே குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுடும்.

ஒன்று: புரதத்தை வெட்டும் டிரிப்சின், கைமோடிரிப்சின் கொடுத்தார்கள். உருமாற்றம் தொடர்ந்தது. அப்போ புரதம் இல்லை.

இரண்டு: ஆர்என்ஏ-வை வெட்டும் என்சைம் கொடுத்தார்கள். உருமாற்றம் தொடர்ந்தது. ஆர்என்ஏ-வும் இல்லை.

மூன்று: சர்க்கரையை வெட்டும் மண் என்சைம். அதன் முடிவு ஏற்கெனவே தெரியும். சர்க்கரையும் இல்லை.

நான்கு: டிஎன்ஏ-வைச் சிதைக்கும் என்சைம் உள்ள சாறுகளைச் சேர்த்தார்கள். உருமாற்றம் நின்றுபோனது.

1943 மே மாதம் ஏவரி தன் தம்பி ராய்க்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். ராய் நாஷ்வில் நகரில் நுண்ணுயிரியல் பேராசிரியர். ஏவரிக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. நாஷ்வில்லில் தம்பி குடும்பத்தின் பக்கத்தில் குடியேறுவதாகத் திட்டம். இப்போதைக்கு வர முடியாது, இந்த வேலை முடியட்டும் என்று சொல்வதற்காக எழுதிய கடிதம் அது. அதில்தான் அந்தப் பொருள் டிஎன்ஏ-வாக இருக்கலாம் என்றும், இது ஒரு மரபணுவைப் போல நடந்துகொள்கிறது என்றும் மனம் திறந்து எழுதினார். கூடவே, அவசரப்படக் கூடாது, மற்றவர்கள் குத்தி உடைப்பதற்கு முன் நம் குமிழியை நாமே குத்திப் பார்த்துவிட வேண்டும் என்ற தன் பழக்கத்தையும் சொன்னார்.

1944 பிப்ரவரி 1-ல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. தம்பிக்கு எழுதியபோது இருந்த துள்ளல் அதில் இல்லை. டிஎன்ஏ-வே காரணம் என்பதற்கான ஆதாரங்களை அடுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வேறு ஏதாவது பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பையும் அவரே எழுதிவைத்தார்.

அதே வளாகத்தில் இருந்து எதிர்ப்பு

அவர் திறந்து வைத்த அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் எதிர்ப்பு வந்தது. அதுவும் வெளியில் இருந்து இல்லை, அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்து. ஆல்ஃபிரட் மிர்ஸ்கி, உயிரணுக்களில் டிஎன்ஏ-வும் புரதமும் சேர்ந்திருக்கும் விதத்தை ஆராய்ந்தவர், செல்வாக்கு உள்ளவர். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒன்றிரண்டு சதவீதம் புரதம் மிச்சம் இருக்கும், அதுவே இந்த வேலையைச் செய்யப் போதும் என்பது அவர் வாதம்.

இதை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய அறிவியல் அப்படி. புரதத்தில் 20 வகை அமினோ அமிலங்கள். அதை வைத்து எத்தனை விதமான தகவலையும் எழுதலாம். டிஎன்ஏ-வில் வெறும் 4 எழுத்துகள். அந்த நான்கும் ஒரே வரிசையில் சலிப்பாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பலர் நம்பினார்கள். அந்தக் கருத்தைப் பரப்பிய ஃபீபஸ் லெவீனும் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்காரர்தான். அப்படிப்பட்ட மந்தமான பொருளில் உயிரின் ரகசியம் எப்படி இருக்கும்?

1923-ல் சர்க்கரை விஷயத்தில் பார்த்த அதே நம்பிக்கைதான் இப்போதும் எதிரே நின்றது. முக்கியமானது எதுவாக இருந்தாலும் அது புரதமாகத்தான் இருக்கும்!

ஏவரி மேடை ஏறிச் சண்டை போடவில்லை. மாநாடுகளுக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. பதிலை மறுபடியும் என்சைம் மூலமே சொன்னார். மெக்கார்ட்டி மாட்டுக் கணையத்தில் இருந்து டிஎன்ஏ-வை மட்டும் வெட்டும் என்சைமை நன்றாகச் சுத்தப்படுத்தினார். 1946-ல் அதைக் கொண்டு செய்த சோதனையில், துளியளவு என்சைமே உருமாற்றும் சக்தியை முற்றிலும் அழித்தது. 1949 வாக்கில் அதே ஆய்வகத்தின் ரோலின் ஹாட்ச்கிஸ், மிச்சம் இருக்கக்கூடிய புரதம் 0.02 சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டினார்.

எல்லோரும் காதை மூடிக்கொள்ளவும் இல்லை. கொலம்பியாவில் எர்வின் சார்காஃப் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் ஆய்வகத்தின் திசையையே மாற்றினார். டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகள் உயிரினத்துக்கு உயிரினம் வேறு வேறு அளவில் இருக்கின்றன என்றும், ஆனால் அவற்றில் இரண்டிரண்டு ஜோடிகள் எப்போதும் சம அளவில் இருக்கின்றன என்றும் அவர் கண்டுபிடித்தார். அந்த ஜோடிக் கணக்கு வாட்சன், கிரிக்கின் ஏணிக்கு முக்கியமான துப்பாக அமைந்தது. 1952-ல் ஹெர்ஷி, சேஸ் இருவரும் வைரஸை வைத்துச் செய்த சோதனையும் டிஎன்ஏ பக்கமே கை காட்டியது. அடுத்த ஆண்டு ஏணி வந்தது.

நோபல் ஏன் கிடைக்கவில்லை?

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம், 1947-ல் லாஸ்கர் விருது. மரியாதை கிடைக்காமல் போகவில்லை. நோபல் பரிசுக்கும் அவர் பெயர் பல முறை பரிந்துரைக்கப்பட்டது. நோய் எதிர்ப்பாற்றலில் அவர் செய்த வேலைக்காக 1930-களிலேயே பரிந்துரை இருந்தது. டிஎன்ஏ-வுக்காக வந்தபோது, ஸ்வீடனில் இந்தத் துறையின் பெரிய ஆளான ஐனர் ஹாமர்ஸ்டென் சம்மதிக்கவில்லை. புரதச் சந்தேகம் அவருக்கும் இருந்தது. இன்னும் ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஏவரிக்குக் காத்திருக்க நேரம் இல்லை. 1948-ல் ஆய்வகத்தைவிட்டு, தம்பிக்குச் சொன்னபடி நாஷ்வில் போனார். 1955 பிப்ரவரி 20-ல், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 77. இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது. புதிரைத் தொடங்கிவைத்த கிரிஃபித் அதற்கும் முன்பே, 1941-ல் லண்டன் மேல் விழுந்த ஜெர்மானியக் குண்டுவீச்சில் உயிரிழந்திருந்தார். தன் சோதனையின் முடிவு என்ன ஆனது என்பதே அவருக்குத் தெரியாது.

1962-ல் டிஎன்ஏ வடிவத்துக்கான நோபல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. 1965-ல் ராக்ஃபெல்லர் வளாகத்தின் ஒரு வாசலுக்கு ஏவரியின் பெயரை வைத்தார்கள்.

அவருடைய அதீத எச்சரிக்கைதான் நோபலைப் பறித்தது என்று சொல்பவர்கள் உண்டு. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருந்தால் உலகம் சீக்கிரம் கேட்டிருக்கலாம். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அவருடைய கட்டுரையை எட்டு, பத்து ஆண்டுகள் பலர் சந்தேகப்பட்டார்கள், ஒருவராலும் பொய்யாக்க முடியவில்லை. மற்றவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றை அவரே முதலில் கேட்டிருந்தார்.

இன்று நம் வீட்டில் ஏவரி

இந்தியாவில் குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிகளில் பிசிவி என்று ஒன்று உண்டு. 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் விரிந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயர் இருக்கும். நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி. அதற்குள் இருப்பது அந்த உறைச் சர்க்கரைதான். அது என்ன பொருள், வகைக்கு வகை எப்படி மாறுகிறது என்று ஏவரியின் குழு கண்டுபிடித்த அதே சர்க்கரை. ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். சட்டையைக் கழற்றுவதற்குப் பதிலாக, சட்டையை வைத்தே கிருமியை அடையாளம் காண உடம்புக்குப் பழக்குகிறோம்.

தடயவியல் லேபோ, மருத்துவமனை லேபோ, டிஎன்ஏ-வைப் பிரித்தெடுக்கும் இடங்களில் இன்றும் அதே தர்க்கம்தான். புரதத்தை வெட்டும் என்சைமைப் போடுகிறார்கள், தேவைப்பட்டால் ஆர்என்ஏ-வை வெட்டும் என்சைமையும் போடுகிறார்கள். வேண்டாதது எல்லாம் போன பிறகு ஆல்கஹால் ஊற்றினால், வெள்ளை இழையாக டிஎன்ஏ திரண்டு வரும். கல்லூரியில் பயோடெக் படித்தவர்கள் அந்த இழையைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். ஏவரியின் ஆய்வகத்தில் அன்று குச்சியில் சுற்றிக்கொண்டு வந்ததும் அதுதான்.